கொல்லிமலையின் ‘பாட்டி’ எவலின் பிராண்ட்: கணவரைப் புதைத்த மலையில் அவருக்குக் கிடைத்த சந்தோஷம் எது?

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் சனிக்கிழமை காலையில் நின்று பார்த்தால், பைக்கில் பையைக் கட்டிக்கொண்டு மலை ஏறக் கிளம்பும் இளைஞர்களைப் பார்க்கலாம். வடக்கே திரும்பினால் ஏற்காடு. ஊரைத் தாண்டித் தெற்கே போய் ராசிபுரம், சேந்தமங்கலம், காரவள்ளி என்று பிடித்தால் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில், அன்னாசி, பலா, மிளகு. ஒரு வீக்எண்டுக்கு இது போதும்.

அதே மலையில், வாழவந்தி நாட்டுப் பகுதியில், ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் கல்லறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கணவர் 1929-ல் இறந்தவர். மனைவி 1974-ல் இறந்தவர். இரண்டு கல்லறைக்கும் இடையே 45 வருஷ இடைவெளி.

அந்த 45 வருஷத்தைத் தனியாகக் கடந்தவர் எவலின் பிராண்ட். மலை மக்களுக்கும் சுற்றியிருந்தவர்களுக்கும் அவர் ‘பாட்டி’. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டின் அம்மா. கணவர் போனார், பிள்ளைகள் கடல் தாண்டி வளர்ந்தார்கள், உடம்பு உடைந்தது, அனுப்பி வைத்த மிஷனே போதும் வந்துவிடுங்கள் என்றது. இவ்வளவுக்குப் பிறகும் கடைசிவரை சந்தோஷமாக இருந்த மனுஷி என்றுதான் அவரை அறிந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். அது எப்படி?

யார் இந்த எவலின்?

1879-ல் லண்டனில், வசதியான பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தார் எவலின் ஹாரிஸ். ஓவியம் பயின்றவர். நல்ல துணி, நல்ல வீடு, ஏழைகளுக்கு உதவி செய்யும் பக்தியான அப்பா என்று வளர்ந்த பெண். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் மிஷனரியாகப் போவது என்று முடிவெடுத்தார். அந்தக் காலத்தில் அது வீட்டில் லேசாக ஒப்புக்கொள்ளக்கூடிய விஷயமில்லை.

லண்டனில் இருந்தபோதே ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞர் தமிழ்நாட்டு மலை ஒன்றைப் பற்றிப் பேசியதைக் கேட்டிருந்தார். சமவெளிக்காரர்கள் ஏறவே பயப்படும் மலை, காய்ச்சல் மலை, மருத்துவமும் பள்ளிக்கூடமும் எட்டிப் பார்க்காத மலை என்று ஜெஸ்ஸி சொன்னது கொல்லிமலையைத்தான். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய சபையின் ஊழியராக ஜெஸ்ஸி ஏற்கெனவே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டவர். பின்னாலேயே எவலினும் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

1913-ல் இருவருக்கும் திருமணம். மணமகளுக்கு வயது 34. மாப்பிள்ளை அவரைவிட ஆறு வயது சின்னவர். தேனிலவு என்று எங்கும் போகவில்லை. மலை ஏறினார்கள்.

அன்றைய கொல்லிமலை எப்படி இருந்தது?

கொல்லிமலை தமிழ் இலக்கியத்துக்குப் புதிதில்லை. வல்வில் ஓரி ஆண்ட மலை. சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை என்ற தெய்வப் பாவை அங்கே நிற்பதாகச் சங்க காலத்திலேயே பேச்சு. ஆனால், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளைக் கொன்றது பாவை இல்லை, கொசு. மலேரியாவுக்குப் பயந்து கீழ்நாட்டுக்காரர்கள் ராத்திரி அங்கே தங்க மாட்டார்கள்.

அப்போது நாமக்கல் மாவட்டம் கிடையாது. அது 1997-ல்தான் பிறந்தது. கொல்லிமலை சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. கலெக்டர், கச்சேரி, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் சேலத்தில். மலைக்கு வண்டிப்பாதை இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர்களுக்குக் கால்நடையாக ஏற வேண்டும். முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிப் போவார்கள்.

மலையில் வாழ்ந்தவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். நாடு நாடாகப் பிரிந்து, நாட்டுக்கு ஒரு தலைக்கட்டு, ஊருக்கு ஒரு பூசாரி என்று தங்களுக்கான ஒழுங்கோடு வாழ்ந்தவர்கள்.

ஜெஸ்ஸி முழு டாக்டர் இல்லை. வெளிநாடு போகும் மிஷனரிகளுக்கான அடிப்படை மருத்துவப் பயிற்சி மட்டும் பெற்றிருந்தார். அதை வைத்தே பல் பிடுங்கினார், கட்டியைக் கீறினார், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுத்தார். தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் தொடங்கினார். 1914-ல் மகன் பால் பிறந்தான். இரண்டு வருஷம் கழித்து மகள் கோனி. இரண்டு குழந்தைகளும் மரம் ஏறி, தமிழ் பேசி, மலைப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள்.

வருஷக்கணக்கில் யாரும் வரவில்லை

மருந்துக்கு ஆட்கள் வந்தார்கள். சாமிக்கு வரவில்லை. இதுதான் முதல் சில வருஷங்களின் நிலைமை. கிறிஸ்தவத்துக்குப் போனால் ஊர் ஒதுக்கிவைக்கும், சாமி குத்தம் வரும் என்ற பயம் இருந்தது. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் இவர்களைக் கடுமையாக எதிர்த்தார். அவர் நிலையில் இருந்து பார்த்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிறகு வந்தது உலகையே உலுக்கிய இன்ஃபுளூயன்சா. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-19-ல் பரவிய அந்தக் காய்ச்சல் உலகிலேயே இந்தியாவில்தான் மிக அதிகமான உயிர்களைக் குடித்தது. கொல்லிமலையும் தப்பவில்லை. நோய் கண்ட வீட்டை விட்டு ஊர் விலகி ஓடியது. ஜெஸ்ஸியும் எவலினும் கஞ்சி காய்ச்சி, வீடு வீடாக எடுத்துப் போய் ஊட்டினார்கள்.

அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் படுக்கையில் விழுந்தபோது பக்கத்தில் போகச் சொந்த ஆட்கள் இல்லை. போனவர்கள் இந்த இருவர்தான். சாகும் தறுவாயில் பூசாரி தன் கைக்குழந்தையை, ஒரு பெண் குழந்தையை, அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நம்மவர்கள் கைவிட்டபோது வந்து நின்றவர்களின் சாமியிடம் என் பிள்ளை வளரட்டும் என்பதே அவர் சொன்னதன் சாரம். குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்து வளர்த்தார்கள்.

அதன் பிறகுதான் மலையில் மெல்ல ஒரு சபை உருவானது. பிரசங்கம் திறக்காத கதவைக் கஞ்சிக் கலயம் திறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

கினிப்புழுவும் கிணற்றுச் சுவரும்

மலையில் இன்னொரு கொடுமை, நரம்புச் சிலந்தி எனப்படும் கினிப்புழு. இன்றைய தலைமுறைக்குப் பெயர்கூடத் தெரியாது. படி இறங்கிப் போய்த் தண்ணீர் மொள்ளும் கிணறுகளில் இருக்கும் மிக நுண்ணிய நீர்ப்பூச்சிக்குள் புழுவின் குஞ்சு இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் குஞ்சு உடம்புக்குள் போகும். ஏறத்தாழ ஒரு வருஷம் உள்ளேயே வளர்ந்து, நூல் மாதிரி நீளமாகிக் காலில் கொப்புளம் போட்டு வெளியே எட்டிப் பார்க்கும். எரிச்சல் தாங்காமல் ஆள் காலைத் தண்ணீரில் வைப்பார். அந்த நொடியில் புழு ஆயிரக்கணக்கில் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். சுற்று மறுபடி தொடங்கும்.

வெளியே வரும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுத்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் பிடித்துவிடும். அப்படிப் பொறுமையாக எடுப்பதுதான் வைத்தியம். வராமல் தடுப்பதற்கான வழி அதைவிட எளிது. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கால் படாமல் வாளியில் இறைத்தால் போதும்; தண்ணீரைத் துணியில் வடிகட்டினால் போதும். பிராண்ட் தம்பதி இதை ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்கள். எவலின் முதிய வயதிலும் இந்த வேலையை விடவில்லை. இந்தியா முழுவதும் கினிப்புழு ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000-ல்தான்.

1923: பிள்ளைகளை விட்டுப் பிரிந்த வருஷம்

பாலுக்கு ஒன்பது வயதானபோது குடும்பம் லீவில் இங்கிலாந்து போனது. திரும்பி வந்தது பெற்றோர் இருவர் மட்டும். மலையில் படிக்க வழியில்லை என்று, லண்டனில் எவலினின் சகோதரிகள் வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தார்கள். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் பெரும்பாலும் செய்தது இதைத்தான். வழக்கம் என்பதால் வலி குறையவில்லை. அந்தப் பிரிவு தன்னுள் எதையோ முறித்துவிட்டதாகவே எவலின் உணர்ந்தார்.

அதன் பிறகு அப்பா, அம்மா என்றால் பாலுக்குக் கடிதம்தான். ஜெஸ்ஸி வாராவாரம் எழுதுவார். மலையில் பார்த்த பறவை, பூச்சி, மரம் எல்லாம் அதில் இருக்கும். கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும்.

1929: மலை கணவரையும் வாங்கிக்கொண்டது

அந்த வருஷம் ஜூன் மாதம் ஜெஸ்ஸிக்குக் காய்ச்சல். மலேரியா வந்து வந்து போன உடம்புதான். இந்த முறை அது பிளாக்வாட்டர் காய்ச்சலாக முற்றியது. ரத்தச் சிவப்பணுக்கள் மொத்தமாக உடைந்து, சிறுநீர் கறுத்துப் போகும் நிலை. அன்றைக்கு மலையில் அதற்கு வைத்தியம் இல்லை. 44 வயதில் ஜெஸ்ஸி இறந்தார். மலை மக்களே குழி வெட்டிப் புதைத்தார்கள்.

லண்டனுக்குத் தந்தி போனது. பாலுக்கு அப்போது 15 வயது நிரம்பவில்லை. தந்தி வந்த பிறகும், இறந்துபோன அப்பாவின் கடிதங்கள் கப்பலில் ஒன்றொன்றாக வந்துகொண்டே இருந்தன. காய்ச்சலுக்கு முன் எழுதி அனுப்பியவை. மலையைப் பற்றி, மரங்களைப் பற்றி, எப்போது மகனைப் பார்ப்போம் என்பதைப் பற்றி.

எவலினுக்கு அப்போது வயது 50. தனியாக, கணவர் இல்லாத மலையில், வேலையை நிறுத்தாமல் தொடர்ந்தார். கடைசியில் சொந்த பந்தங்களின் வற்புறுத்தலில் இங்கிலாந்து போனார். துறைமுகத்தில் அம்மாவைப் பார்த்த பாலுக்கு முதலில் அடையாளம் பிடிபடவில்லை. அவன் மனதில் இருந்தது உயரமாக, அழகாக, சிரித்துக்கொண்டிருந்த அம்மா. கப்பலில் இருந்து இறங்கியவர் கூனிக் குறுகிய, வயதுக்கு மீறி மூப்படைந்த ஒரு பெண். துக்கம் ஒருவரை என்ன செய்யும் என்பதை அந்த நிமிஷத்தில் பால் பார்த்தார்.

பாட்டியின் சந்தோஷம் பிறந்த குணம் என்று யாராவது நினைத்தால், இந்தத் துறைமுகக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவர் உடைந்துபோனவர். உடைந்ததை மறைக்கவும் இல்லை.

கிறிஸ்தவம் சொல்லும் சந்தோஷம் என்ன?

எவலின் திரும்பத் திரும்பப் போய்ச் சாய்ந்தது பைபிளில். பைபிளில் சந்தோஷத்தைப் பற்றி அதிகம் பேசும் பகுதிகளில் ஒன்று, பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய நிருபம். நான்கே அதிகாரம் உள்ள சின்னக் கடிதம். அதில் சந்தோஷம், மகிழ்ச்சி என்ற சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அதைப் பவுல் எழுதியது சிறையில் இருந்து. தீர்ப்பு விடுதலையா, மரணமா என்று தெரியாத நிலையில்.

அதனால், கிறிஸ்தவ மரபில் சந்தோஷம் என்பது நல்லது நடந்தால் வரும் உணர்ச்சியாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. கடவுள் தன்னை விட்டு விலகவில்லை, தன் வாழ்க்கை அவர் கையில் இருக்கிறது, தான் செய்யும் வேலைக்கு அவரிடம் மதிப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் இருந்து வருவது அது. அழுகையும் அதுவும் ஒரே நேரத்தில் ஒரே ஆளிடம் இருக்கலாம். சிலுவையில் அறையப்பட்டவரையே கடவுளின் மகனாகக் கும்பிடும் ஒரு மதத்தில் துன்பம் வெளியே தள்ள வேண்டிய பொருளாக இருக்க முடியாது.

இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எவலின் விஷயத்தில் கவனிக்க வேண்டியது, இந்த நம்பிக்கையை அவர் எதில் செலவழித்தார் என்பதுதான். மனதை அமைதிப்படுத்தும் மாத்திரையாக அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. மலைக்குத் திரும்பிப் போவதற்கான காரணமாக வைத்துக்கொண்டார்.

68 வயதில் புது ஆட்டம்

இங்கிலாந்தில் இருந்து எவலின் மறுபடி இந்தியாவுக்கே வந்தார். ஆனால், ஒரு விதவையை மலையில் தனியாக விட மிஷனுக்கு மனம் வரவில்லை. சமவெளியில் வேலை கொடுத்தார்கள். வருஷங்கள் போயின. ஜெஸ்ஸியும் அவரும் சேர்ந்து ஒரு கனவு கண்டிருந்தார்கள்: கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன் மலை என்று சுற்றியுள்ள ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும். அந்தக் கணக்கு பாக்கியாகவே இருந்தது.

1947 வாக்கில் எவலினுக்கு 68 வயது. ரிட்டயர்மென்ட் வயது தாண்டிவிட்டது, இன்னொரு முறை அனுப்ப முடியாது என்று மிஷன் சொல்லிவிட்டது. இன்னும் ஒரே ஒரு வருஷம் மட்டும் கொல்லிமலையில் இருந்துகொள்கிறேன், அதன் பிறகு தொல்லை தர மாட்டேன் என்று கெஞ்சினார். சரி என்று விட்டார்கள்.

அந்த ஒரு வருஷம் முடிந்தது. சக மிஷனரிகள் வழியனுப்ப வந்தார்கள். அப்போதுதான் கிழவி குண்டைத் தூக்கிப் போட்டார். மிஷன் வேலையில் இருந்து ஓய்வு பெறுவது உண்மை, வாக்குக் கொடுத்தபடி இனி அவர்களுக்குப் பாரமில்லை. ஆனால், ஊருக்குப் போகப் போவதில்லை, அடுத்த மலைக்குப் போகப் போகிறேன் என்றார். ஒரு சின்னக் குடிசை கட்டிக்கொள்ளத் தேவையானதை ஏற்கெனவே சத்தமில்லாமல் சேர்த்து வைத்திருந்தார். சம்பளம் இல்லை, அமைப்பு இல்லை. ஒரு மட்டக்குதிரை, மருந்துப் பெட்டி, பைபிள். கல்வராயன் பக்கம் கிளம்பிவிட்டார்.

பார்த்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனம். உடன் இருந்தவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது. 1929-க்குப் பிறகு காணாமல் போயிருந்த பழைய உற்சாகம் அவர் முகத்தில் திரும்பியது இந்தக் காலத்தில்தான். வசதி கூடியதால் வந்ததில்லை அது. வசதி இருந்ததைவிடக் குறைந்துதான் போயிருந்தது.

இடுப்பு முறிந்த பிறகும்

75 வயதில் மலையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ராத்திரி முழுக்க வலியோடு தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் ஒருவர் வந்து பார்த்த பிறகுதான் உதவி கிடைத்தது. நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் தூக்கி மலை இறக்கினார்கள். பிறகு குண்டும் குழியுமான பாதையில் ஜீப்பில் ஏறத்தாழ 240 கி.மீ. பயணம். அதற்கு முன்பும் ஒருமுறை குதிரையில் இருந்து தலைகுப்புற விழுந்ததில், முழங்காலுக்குக் கீழே பாதி செயலிழந்திருந்தது.

மகன் பால் அப்போது வேலூரில் பெயர் பெற்ற எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர். ரிட்டயர் ஆகச் சொல்லி அம்மாவைச் சம்மதிக்க வைக்கவென்றே மலை ஏறினார். மண்சுவர் வீடு. அம்மா தன்னைவிட உயரமான இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி, செத்துப்போன பாதம் தரையில் இழுபடாமல் இருக்கக் காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்து நடந்துகொண்டிருந்தார். அந்தக் காலோடுதான் குதிரை ஏறி ஊர் ஊராகப் போய்க்கொண்டும் இருந்தார்.

மகன் டாக்டராகப் பேசினார். இந்த வயதில் இப்படி வாழ்வது ஆபத்து, பக்கத்தில் மருத்துவ வசதி இருக்கும் இடத்துக்கு வந்தால் இன்னும் பத்து வருஷம் நன்றாக இருக்கலாம் என்றார். அம்மா பதிலுக்குக் கேட்டது ஒரு நிர்வாகக் கேள்வி. தான் போய்விட்டால் இந்த மலையில் காயத்துக்குக் கட்டுப் போட, பல் பிடுங்க, இயேசுவைப் பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தேவைப்படும் இடத்தில் பயன்படாத உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன செய்வது? பால் வந்த வழியே இறங்கினார்.

வலியைப் பற்றிப் பால் பிராண்டே பெரிய ஆராய்ச்சியாளர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்துப் போய் வலி தெரியாததால், சூடும் வெட்டும் உணராமல் காயம்பட்டுத்தான் சிதைகின்றன என்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். வலி என்பது உடம்புக்குக் கிடைத்த காவல் என்பது அவருடைய வாழ்நாள் வாதம். வலியோடு வாழ்ந்தும் வாழ்க்கை சுருங்காத ஓர் ஆளை அவர் மிக அருகில் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி இல்லாத வீடு

கடைசி 20 வருஷம் எவலின் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது. வேண்டாம் என்று விட்டுவிட்டார். லண்டனில் நாகரிகமாக உடுத்தி வளர்ந்த, ஓவியம் படித்த பெண். அழகு தெரியாதவர் இல்லை. மலையின் சூரிய உதயத்தைப் பார்த்து மெய்மறப்பவர். தன் முகத்தில் விழுந்த சுருக்கங்களை எண்ணிக்கொண்டிருக்க மட்டும் அவருக்கு நேரமில்லை.

அம்மாவைப் பற்றிப் பால் பிற்காலத்தில் எழுதியவற்றில் ஒரு காட்சி உண்டு. மலைக் கிராமம் ஒன்றில் ஒரு குட்டைக் கல் சுவரின் மேல் அம்மா உட்கார்ந்திருக்கிறார். வீடுகளில் இருந்து ஆட்கள் வந்து சுற்றிக்கொள்கிறார்கள். வெயிலில் காய்ந்து சுருங்கிய அந்த முகத்தைத்தான் அவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். கண்ணாடியில் அவர் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய கிழவியை அங்கே யாரும் பார்க்கவில்லை என்று மகனுக்குத் தோன்றியது.

செல்ஃபி காலத்தில் இதை ஒரு டிப்ஸாக எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லை. தான் எப்படி இருக்கிறோம் என்ற கேள்வி நாள் முழுக்க மனதில் ஓடாதபோது எவ்வளவு இடம் காலியாகிறது என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

இதற்கு யார் விலை கொடுத்தார்கள்?

எவலின் கதையைப் புனிதக் கதையாக மட்டும் சொன்னால் பாதி விட்டுப்போகும். ஒன்பது வயது மகனையும் அவனைவிடச் சின்ன மகளையும் கடல் கடந்து விட்டு வந்தது சரியா என்ற கேள்வி இருக்கிறது. அப்பாவை மறுபடி பார்க்காமலே இழந்த பிள்ளைகள் அவர்கள். பால் அம்மாவை மிகவும் மதித்தார். அந்தப் பிரிவின் தனிமையையும் மறைக்காமல் எழுதினார். இரண்டுமே உண்மை.

இன்னொரு கேள்வி, பிரிட்டிஷ் ஆட்சியின் நிழலில் நடந்த மதமாற்றம் பற்றியது. எவலின் தன் நோக்கத்தை ஒளித்தவரில்லை. மருந்தோடு மதத்தையும் சொல்லத்தான் வந்தார். அதை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால், 1947-ல் ஆட்சி போனது, மிஷன் சம்பளமும் போனது. அதற்குப் பிறகுதான் அவர் 27 வருஷம் மலைகளில் இருந்தார். அந்த வருஷங்களில் அவரைத் தாங்கிப் பிடித்தது எந்த அதிகாரமும் இல்லை.

தூளியில் போன கடைசிப் பயணங்கள்

93 வயதில் குதிரை சவாரியை விட வேண்டிவந்தது. அடிக்கடி விழ ஆரம்பித்துவிட்டார். வேலை நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்தபோது மலைக்காரர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். தூளி மாதிரிக் கட்டி, தோளில் சுமந்து, ஒரு ஊரில் இருந்து அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

ஒரு காலத்தில் வருஷக்கணக்கில் ஒருவர்கூட வந்து சேராத மலை அது. அதே மலைத்தொடர்களின் மக்கள் தங்கள் தோளை அவருக்குக் கொடுத்தார்கள். தான் தேடி வந்த சந்தோஷம் எங்கே இருந்தது என்று எவலினைக் கேட்டிருந்தால் கடவுளிடம் என்று சொல்லியிருப்பார். அது அவரிடம் வந்து சேர்ந்த வழி இந்தத் தோள்கள்தான்.

1974 டிசம்பரில், 95 வயதில் எவலின் பிராண்ட் காலமானார். உடலைக் கொல்லிமலைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டபடியே, சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் வைத்தார்கள்; உடம்பு மலை மண்ணோடு கலந்து புதிதாக ஏதாவது முளைக்கட்டும் என்பது அவர் ஆசை. குழி வெட்டியது ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில்.